கூட்டைக் காக்கும் பறவைகள்: வீட்டுத் தோட்டத்தில் நடக்கும் பிள்ளைக்காவல்

சித்திரை, வைகாசி மாதங்களில் தமிழகத்து ஊர்களில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இந்தப் புகாரைக் கேட்கலாம். மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனால் காகம் தலையில் அடிக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் கொண்டைக்குருவி காதருகே கத்துகிறது. பக்கத்துக் காலி மனையில் கால் வைத்தாலே ஆள்காட்டி ஊரைக் கூட்டுகிறது. நேற்றுவரை நாம் வைத்த சோற்றுக்காகக் காத்திருந்த பறவை இன்று ஏன் நம்மையே விரட்டுகிறது? சனி தோஷம் என்பார் சிலர், வெயிலில் மதம் பிடித்துவிட்டது என்பார் சிலர். கம்பை எடுத்துக் கூட்டைக் கலைப்பவர்களும் உண்டு.

காரணம் ஒன்றுதான். அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. இது தெரிந்த பிறகும் கேள்விகள் மிஞ்சுகின்றன. நூறு கிராம்கூட எடையில்லாத பறவை ஒரு மனிதனை எதிர்க்கும் அளவுக்கு ஏன் துணிகிறது? எல்லாப் பறவைகளும் ஏன் அப்படிச் செய்வதில்லை? ஒரே வீட்டில் ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரை மட்டும் ஏன் துரத்துகிறது? இந்தக் கேள்விகளுக்கு அறுபது, எழுபது ஆண்டுகளாகப் பறவையியலாளர்கள் தேடிய விடைகளையும், நம் தோட்டத்தில் நாமே பார்க்கக்கூடியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்துக்குள் இருக்கும் பகைவர்கள்

மனிதர் வாழும் இடத்தை ஒட்டிக் கூடு கட்டுவதில் பறவைக்கு ஆதாயம் உண்டு. பெரிய கழுகினங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை. தண்ணீர் கிடைக்கிறது, பூவும் பழமும் புழுவும் கிடைக்கின்றன. தேன்சிட்டு வாசல் விளக்கின் கம்பியிலும், கொண்டைக்குருவி தொங்கும் தொட்டியிலும், வண்ணாத்திக்குருவி சுவர்ப் பொந்திலும், தையல்சிட்டு எலுமிச்சை இலையிலும் கூடு அமைப்பது இதனால்தான்.

ஆனால் பகைவர்கள் அங்கும் இருக்கிறார்கள். ஓணான் முட்டையைத் தின்னும், கண் திறக்காத குஞ்சையும் தின்னும். கொம்பேறிமூக்கன் கிளை நுனிவரை ஏறிவரும். சாரைப்பாம்பு புதரில் நுழையும். செம்போத்து செடிசெடியாகத் துழாவிக் கூட்டைத் தேடும். வால்காக்கை, காகம், வைரி ஆகியவை மேலிருந்து வரும். அணிலும் சில நேரம் முட்டையைக் கடிக்கும். இவை எல்லாவற்றையும் மிஞ்சியது வீட்டுப் பூனை. அது பசிக்காகவும் பிடிக்கும், பசியில்லாதபோதும் பிடிக்கும்.

சின்னப் பறவையின் கூடுகளில் பெரும்பங்கு குஞ்சு பறக்கும் முன்பே அழிந்துபோகிறது. அந்த இழப்பின் அளவை மனத்தில் கொண்டால்தான் அது போடும் கூச்சலின் பொருள் விளங்கும். கூடு கட்ட ஒரு வாரம், அடைகாக்க இரண்டு வாரம், ஊட்டி வளர்க்க இரண்டு வாரம் என்று தாயும் தந்தையும் செலவிட்டதெல்லாம் ஒரு பாம்பின் வருகையில் முடிந்துவிடலாம்.

காவலின் நான்கு படிகள்

தாக்குதல் மட்டுமே நம் கண்ணில் படுவதால், பறவையின் காவல் அதுதான் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது கடைசிப் படி. முதல் படி மறைப்பு. தேன்சிட்டின் தொங்கும் கூட்டைப் பாருங்கள். சிலந்தி நூலால் பின்னி, மரப்பட்டைத் துணுக்கும் புழுவின் கழிவும் சருகும் ஒட்டியிருக்கும். காற்றில் சிக்கிய குப்பை என்று எண்ணி யாரும் கடந்துபோவார்கள். தையல்சிட்டு உயிருள்ள இலையையே தைத்து உள்ளே பஞ்சு வைக்கிறது. சண்டை போடும் உடல்வலு இல்லாத பறவைகள் தங்கள் முழுத் திறமையையும் ஒளித்துவைப்பதில் காட்டுகின்றன.

மறைப்பு வெறும் கட்டுமானத்தோடு முடிவதில்லை, நடத்தையிலும் உண்டு. கொண்டைக்குருவி குஞ்சுக்கு இரை கொண்டுவரும்போது கவனியுங்கள். அலகில் பச்சைப்புழு துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் நேராகக் கூட்டுக்குப் போகாது. முதலில் துணிக்கொடியில் உட்காரும். கொண்டையைத் தூக்கித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். நாம் சன்னலில் நின்று பார்க்கிறோம் என்று தெரிந்தால் அடுத்த கிளைக்குத் தாவும், திரும்பக் கொடிக்கே வரும். கூட்டில் குஞ்சுகள் பசியோடு காத்திருக்க, நாம் முகத்தைத் திருப்பும்வரை புழுவை விழுங்காமலும் கொடுக்காமலும் வைத்திருக்கும். நாம் நகர்ந்த மறுநொடி செம்பருத்திக்குள் நுழைந்து, ஊட்டி, குஞ்சின் எச்சத்தை அலகில் கவ்விக்கொண்டு வேறு திசையாக வெளியேறும். எச்சம் கூட்டுக்கடியில் விழுந்து கிடந்தால் அதுவே பகைவனுக்கு வழிகாட்டிவிடும்.

இரண்டாவது படி எச்சரிக்கை. பறவைகளின் அபாயக் குரலில் இரண்டு வகை உண்டென்று பீட்டர் மார்லர் 1955இல் விளக்கினார். மேலே வல்லூறு பறக்கும்போது சிறு பறவைகள் எழுப்புவது மெல்லிய, நீண்ட, உச்ச ஒலி. அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. உட்கார்ந்திருக்கும் ஆந்தையையோ ஊரும் பாம்பையோ கண்டு எழுப்புவது வெட்டுவெட்டான, கரகரத்த ஒலி. அது வரும் இடம் உடனே தெரியும். முதல் ஒலியின் நோக்கம் ஒளிந்துகொள்ளச் சொல்வது. இரண்டாவதன் நோக்கம் பகைவன் இருக்கும் இடத்தை எல்லாருக்கும் காட்டிக்கொடுப்பது. முருங்கை மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் ஒரே இடத்தைப் பார்த்துக் கரகரவென்று கத்தினால், அந்த இடத்தில் பாம்பு இருக்கலாம் என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்வது இந்த அறிவினால்தான்.

மூன்றாவது படி திசைதிருப்பல். இதில் ஆள்காட்டிக்கு நிகரில்லை. வெட்டவெளியில், கூழாங்கல் நடுவே, பெரும்பாலும் நான்கு முட்டையிடும் பறவை இது. முட்டையின் நிறம் மண்ணோடு மண்ணாக இருக்கும். ஆள் வருவது தொலைவிலேயே தெரிந்தால் சத்தமில்லாமல் எழுந்து, குனிந்து, சற்றுத் தூரம் ஓடும். அதற்குப் பிறகுதான் பறந்து அலறத் தொடங்கும். அலறல் கேட்கும் இடத்தில் கூட்டைத் தேடுபவன் ஏமாந்துபோவான். நாம் கூட்டை நெருங்க நெருங்கக் குரல் ஏறும் என்று எண்ணுவோம். ஆனால் தவறான திசையில் போகிறவனையும் அது அதே வேகத்தோடு திட்டிக்கொண்டே வரும். குஞ்சுகளோ பொரித்த சில மணி நேரத்தில் நடக்கத் தொடங்கிவிடும். பெற்றோர் குரல் கேட்டதும் தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். பக்கத்தில் போய் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது படிதான் தாக்குதல். கரிச்சான் காகத்தின் முதுகில் கொத்தும், பருந்தைத் துரத்தும். காகம் மனிதனின் தலைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து இறக்கையாலோ காலாலோ தட்டிவிட்டுப் போகும். இந்தப் படிக்கு வரும் பறவை தன் உயிரையே பணயம் வைக்கிறது. ஆகவே முதல் மூன்றும் பலிக்காதபோதுதான் பெரும்பாலும் இங்கு வருகிறது.

நாளுக்கு நாள் ஆவேசம் ஏறுவது ஏன்?

கூட்டில் முட்டை இருக்கும்போது ஓரளவு பொறுத்துக்கொள்ளும் பறவை, குஞ்சு வளர வளர உக்கிரமாகிறது. பல இனங்களில் ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். காரணம் என்ன என்பதில்தான் கருத்துகள் மோதின.

பிள்ளை வளர்ப்பைப் பெற்றோர் போடும் முதலீடாகக் கணக்கிடும் கோட்பாட்டை ராபர்ட் ட்ரிவர்ஸ் 1972இல் முன்வைத்தார். ஒரு குஞ்சுக்குச் செலவிடும் உழைப்பும் ஆபத்தும் அடுத்த குஞ்சுக்குச் செலவிடக்கூடியதைக் குறைக்கின்றன. ஆகவே எவ்வளவு செலவிடுவது என்பதை இயற்கைத் தேர்வு தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். இதிலிருந்து சிலர், அதிகம் செலவிட்டுவிட்டதால் பறவை அதிகம் போராடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸும் டாம்சின் கார்லைலும் அந்த முடிவில் உள்ள பிழையைச் சுட்டினார்கள். போட்ட பணம் போயிற்றே என்று நட்டத்தில் ஓடும் தொழிலில் மேலும் பணம் போடுவது எப்படி அறிவாகாதோ, அப்படித்தான் இதுவும். இனி என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. இன்று இட்ட முட்டை வளர்ந்து பறவையாகும் வாய்ப்பு குறைவு. நாளை பறக்கப்போகும் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு அதிகம். ஆகவே அதற்காகத் துணிவதில் பயனும் அதிகம். அதோடு பருவம் முடிய முடிய மீண்டும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க நாள் இருக்காது. இருப்பதைக் காப்பதே வழி.

1986இல் ரிச்சர்ட் நைட், ஸ்டான்லி டெம்பிள் இருவரும் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளன் ஒரே கூட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறான். பறவை கத்துகிறது. அவன் குறிப்பெடுத்துவிட்டுத் திரும்புகிறான். பறவையின் பார்வையில் நடந்தது என்ன? நான் கத்தினேன், அவன் ஓடினான். ஒவ்வொரு முறையும் வெற்றி. ஆகவே அடுத்த முறை இன்னும் துணிவு. ஆவேசம் ஏறுவதில் ஒரு பகுதி ஆய்வாளனே கற்றுக்கொடுத்தது என்று அவர்கள் வாதிட்டார்கள்.

காடுகளில் நடக்கும் ஆய்வுக்கு இது முறையியல் சிக்கல். வீட்டுத் தோட்டத்துக்கோ இது அன்றாட உண்மை. நாம் தினமும் கொல்லைக்குப் போகிறோம், குழாயைத் திருப்புகிறோம், திரும்பி வருகிறோம். பறவையின் கணக்கில் தினமும் நம்மைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் கிளையிலிருந்து கத்திய காகம் மூன்றாம் வாரம் தலையைத் தொடுவதற்குக் குஞ்சின் வளர்ச்சியும் காரணம், நம் வருகையும் காரணம். இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை. தோட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன என்பதே என் முடிவு.

ஆளைத் தெரியும், முகத்தைத் தெரியும்

எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் துரத்துகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் வாழும் மாக்கிங்பேர்ட் பறவைகளிடம் டக்ளஸ் லெவியும் அவர் குழுவினரும் செய்த சோதனை 2009இல் வெளியானது. ஒரே ஆள் தொடர்ந்து நான்கு நாள் கூட்டருகே போய்ச் சில நொடிகள் கூட்டின் விளிம்பில் கையை வைத்தார். நாள் செல்லச் செல்ல அவரைத் தொலைவிலேயே கண்டு பறவை எழும்பித் தாக்கியது. ஐந்தாம் நாள் வேறொரு ஆள் அதேபோல் போனபோது, முதல் நாள் அளவுக்கு மட்டுமே எதிர்ப்பு இருந்தது. வளாகத்தில் அந்தக் கூட்டைத் தினமும் எத்தனையோ பேர் கடந்துபோகிறார்கள். அவர்களைப் பறவை பொருட்படுத்தவில்லை. கூட்டைத் தொட்டவர் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

காகங்களிடம் இந்தத் திறன் இன்னும் ஆழமாக இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் சியாட்டில் வளாகத்தில் ஒரு முகமூடியை அணிந்து சில காகங்களைப் பிடித்து, வளையமிட்டு, விட்டார். பிறகு யார் அந்த முகமூடியை அணிந்து நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் கத்தின. பின்னால் பிறந்த குஞ்சுகளும் பெற்றோரைப் பார்த்துக் கத்தக் கற்றன. ஆண்டுகள் கடந்தும் அது தொடர்ந்தது. அது அமெரிக்கக் காகம். நம் வீட்டுக் காகம் அதே குடும்பத்தின் வேறோர் இனம். இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கூட்டைக் கலைத்தவரைத் தெருமுனைவரை துரத்தும் காகத்தைப் பார்த்த எவருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது.

பகைவன் யார் என்பதையே பறவைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கின்றன என்று காட்டியவர் ஜெர்மனியின் எபர்ஹார்ட் குரியோ. 1978இல் வெளியான அவரது சோதனையில், ஒரு கரும்பறவை ஆந்தையைக் கண்டு கத்துவதை, தீங்கில்லாத வேறொரு பறவையின் உருவத்தைக் கண்டு கத்துவதாக அடுத்த பறவை எண்ணும்படி ஏற்பாடு செய்தார். அதன்பின் அந்த அப்பாவி உருவத்தைக் கண்டாலே அது கத்தியது. அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது என்று ஆறு பறவைகள்வரை அந்தப் பகை போய்ச் சேர்ந்தது. வெறும் பிளாஸ்டிக் புட்டியைக்கூட எதிரியாக ஏற்கவைக்க முடிந்தது.

வீட்டுக்காரருக்கு இதில் நேரான செய்தி இருக்கிறது. கல்லெறிந்தால் காகம் அடங்காது. எறிந்தவரின் முகம் அதன் நினைவில் பதியும். அதைப் பார்க்கும் மற்றக் காகங்களுக்கும் பரவும். ஒரு பருவத்துச் சச்சரவு பல ஆண்டுப் பகையாக வளரும்.

கூட்டுக் காவலும் அடைக்கலமும்

தனியாகக் காக்க முடியாததைக் கூடிக் காக்கும் பறவைகள் நம் தோட்டத்திலேயே உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் வெண்தலைச் சிலம்பனைத் தவிட்டுக்குருவி என்று அழைக்கிறோம். எப்போதும் ஏழெட்டாகத் திரியும். குழுவில் ஒரு சோடி கூடு கட்டினால் மற்றவை இரை கொண்டுவந்து கொடுக்கின்றன. காவலும் பொதுக் காவல்தான். பூனையோ பாம்போ வந்தால் மொத்தக் குழுவும் இறக்கையை விரித்து, வாலைத் தாழ்த்தி, சுற்றி நின்று கத்தும். பூனைக்கு இருக்கும் ஒரே பலம் பதுங்கல். அது வெளிச்சமான பிறகு அங்கே நிற்பதில் அதற்குப் பயனில்லை.

காகத்துக்கும் இதே வழக்கம். ஒரு குஞ்சு தரையில் விழுந்தால் பெற்றோர் மட்டும் வருவதில்லை, அக்கம்பக்கத்துக் காகங்கள் எல்லாம் வரும். குஞ்சைக் கையில் எடுத்தவர் எந்த நல்லெண்ணத்தோடு எடுத்திருந்தாலும் அந்தக் கூட்டம் அவரைப் பிடித்தவராகத்தான் பார்க்கும்.

கரிச்சானின் கதை இன்னும் சுவையானது. எடையில் காகத்தின் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அது கூடு கட்டியிருக்கும் மரத்தை ஒட்டிக் காகமோ வைரியோ வால்காக்கையோ நிம்மதியாகப் பறக்க முடியாது. இதை மற்றப் பறவைகள் அறிந்திருக்கின்றன. மாங்குயிலும் புறாவும் கொண்டைக்குருவியும் கரிச்சான் இருக்கும் மரத்திலேயோ பக்கத்து மரத்திலேயோ கூடு அமைப்பதைப் பறவையாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அவற்றைக் கரிச்சான் விரட்டுவதில்லை. தன் குஞ்சுக்காக அது செய்யும் காவலின் நிழலில் மற்றவர் குஞ்சுகளும் பிழைக்கின்றன. திருவிளையாடற் புராணத்தில் பெரிய பறவைகளிடம் கொத்துப்பட்டு வாடிய கரிக்குருவி (கரிச்சான்தான் அது) மதுரைக்கு வந்து சொக்கநாதரிடம் உபதேசம் பெற்று வலிமை அடைகிறது. இத்தனைச் சிறிய உடலில் இத்தனைத் துணிவா என்று நம் முன்னோர் வியந்ததன் அடையாளமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

காவலையே கருவியாக்கும் குயில்

இவ்வளவு விழிப்போடு கூட்டைக் காக்கும் காகம் ஆண்டுதோறும் குயிலிடம் ஏமாறுகிறது. ஆண் குயில் கூட்டருகே வந்து கூவுகிறது. காகம் அதைத் துரத்திக்கொண்டு போகிறது. அந்த இடைவெளியில் புள்ளிகள் நிறைந்த பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடுகிறது. குயில் முட்டை பொரிக்க ஏறத்தாழ 13 நாள், காக முட்டைக்கு 16 அல்லது 17 நாள். ஆகவே முதலில் பொரித்து முதலில் வாய் திறப்பது குயில் குஞ்சு. அதையும் காகம் தன் பிள்ளையாகவே ஊட்டுகிறது, தன் பிள்ளைக்காகச் செய்யும் அதே ஆவேசத்தோடு பூனையிடமிருந்து காக்கிறது.

துரத்தும் குணமே பகைவனுக்குத் திறந்த வாசல் ஆவதை இங்கே பார்க்கிறோம். ஆனாலும் துரத்தாமல் இருந்தால் எல்லாக் குயில்களும் எல்லாக் கூடுகளிலும் முட்டையிட்டுவிடும். எந்தக் காவலும் முழுமையானதில்லை. பெரும்பாலான நேரம் பலிப்பது போதும். அக்காக்குயிலோ பார்வைக்கு வைரியைப் போலவே இருக்கிறது. அது பறந்தால் சிறு பறவைகள் வைரி வந்ததாகவே எண்ணிக் கத்துகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடுவது அதன் வழக்கம்.

மனிதன்மேல் பாயும்போது

பறவை மனிதனைத் தாக்குவதில் உலகில் அதிகம் ஆராயப்பட்ட இனங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் மேக்பை. ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை அங்கே சைக்கிளில் போகிறவர்களும் தபால்காரர்களும் அதற்கு அஞ்சி நடக்கிறார்கள். பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் டாரில் ஜோன்ஸ் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். தாக்குபவை பெரும்பாலும் ஆண் பறவைகள். ஆண்களிலும் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் தாக்குகின்றன. கூட்டில் குஞ்சு இருக்கும் சில வாரங்களோடு அது அடங்கிவிடுகிறது. சில பறவைகள் நடப்பவரை விட்டுச் சைக்கிளை மட்டும், சில தபால்காரரை மட்டும் குறிவைக்கின்றன.

2021இல் அந்த நகரத்தில் பாயும் பறவையைத் தவிர்க்க முயன்ற தாய் தடுமாறி விழுந்ததில் அவர் கையிலிருந்த கைக்குழந்தை உயிரிழந்தது. அந்தத் துயரம் நமக்கும் ஒரு பாடம். அலகைவிட அபாயமானது நம் பதற்றம். கைப்பிடிச் சுவர் தாழ்ந்த மொட்டைமாடியிலும் ஒடுங்கிய படிக்கட்டிலும் காகத்துக்குப் பயந்து ஓடுவதுதான் உண்மையான ஆபத்து. காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும், நேருக்கு நேர் பார்ப்பவரிடம் தயங்கும். அதைப் பார்த்தபடி மெல்ல நடந்து திரும்புவதும், குடை விரித்துக்கொள்வதும் போதும்.

கால அளவையும் தெரிந்துகொள்வது நல்லது. கொண்டைக்குருவியின் குஞ்சு பொரித்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டு வெளியேறிவிடும். கரிச்சானுக்கு அதைவிடச் சில நாள் கூடுதல். காகக் குஞ்சுக்கு மூன்று முதல் நான்கு வாரம். ஆள்காட்டி அடைகாப்பது ஏறத்தாழ நான்கு வாரம். எந்தப் பறவையும் ஆண்டு முழுவதும் நம்மைத் துரத்துவதில்லை. வெளியேறிய குஞ்சு நன்றாகப் பறக்கும்வரை இன்னும் சில நாள் ஆவேசம் நீடிக்கும். அதற்குப் பிறகு அதே காகம் அதே சுவரில் உட்கார்ந்து நம் கைச்சோற்றுக்குக் காத்திருக்கும்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். நம் தோட்டத்துப் பறவைகளில் பெரும்பாலானவை இந்தப் பாதுகாப்புக்குள் வருபவை. காகம் நீண்ட காலம் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. என் வீடு, என் மரம், என் விருப்பம் என்று கூட்டோடு கிளையை வெட்டுவது சட்டத்தின் பார்வையிலும் தவறு. இது நம் ஊரில் மரம் கழிப்பவர்களுக்கோ, வெட்டச் சொல்பவர்களுக்கோ தெரிவதில்லை. நகராட்சிகளும் மின்வாரியமும் கிளை கழிக்கும் நாள்களை முடிவுசெய்யும்போது கூடுகட்டும் பருவத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியவை

முதலாவது, விலகியிருத்தல். கூட்டைப் பார்த்துவிட்டால் ஆர்வத்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறோம், செல்போனை நீட்டிப் படமெடுக்கிறோம். கோடை வெயிலில் அடைகாக்கும் பறவையின் வேலை சூடு கொடுப்பது மட்டுமில்லை, நிழல் கொடுப்பதும்தான். ஆள்காட்டி நெஞ்சு இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கிறது. நமக்குப் பயந்து அது எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. முட்டை வைத்த தொடக்க நாள்களில் தொந்தரவு மிகுந்தால் பல பறவைகள் கூட்டையே கைவிட்டுவிடும். படம் எடுக்காமல் விடுவது அந்த நாள்களில் செய்யக்கூடிய பெரிய உதவி.

இரண்டாவது, தரையில் இருக்கும் குஞ்சு. இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு அநேகமாகத் தவறி விழுந்ததில்லை. கூட்டை விட்டு வெளியேறும் பருவம் அது. பெற்றோர் அருகிலிருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். பூனை வருமிடமென்றால் எடுத்துப் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு விலகிவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது ஆதாரமில்லாத நம்பிக்கை. இறகே இல்லாத குஞ்சென்றால் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். கூடு சிதைந்திருந்தால் சிறு கூடையில் சருகும் நாரும் பரப்பி அதே இடத்தில் கட்டிவைத்தால், பெற்றோர் வந்து ஊட்டுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பாலும் ரொட்டியும் கொடுக்கக் கூடாது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய் இறந்துவிடும். காயம்பட்ட குஞ்சை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

மூன்றாவது, பூனை. குஞ்சு வெளியேறும் அந்தச் சில நாள், குறிப்பாக அதிகாலையிலும் மாலையிலும், வீட்டுப் பூனையை உள்ளே வைத்திருந்தால் ஒரு கூட்டின் தலையெழுத்தே மாறும். பறவையின் நான்கு படிக் காவலும் பூனையிடம் தோற்கும் இடங்கள் உண்டு. அங்கே நாம் மட்டுமே உதவ முடியும்.

நான்காவது, வழியை மாற்றிக்கொள்ளுதல். துணிக்கொடியைச் சில வாரம் வேறு பக்கம் கட்டலாம். கூடு உள்ள தொட்டிக்கு நீளக் குழாயால் தள்ளி நின்று நீர் ஊற்றலாம். காலி மனையில் ஆள்காட்டி அடைகாக்கும் இடத்தைச் சுற்றி நான்கு செங்கல்லை அடையாளமாக வைத்து, மண்ணடிக்கும் லாரிக்காரரிடம் சொல்லிவைக்கலாம். கிளை கழிக்கும் வேலையைக் கூடு காலியானபின் செய்துகொள்ளலாம்.

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால் ஒன்று தெளிவாகிறது. பறவையின் ஆவேசத்துக்கு எல்லை உண்டு, காலம் உண்டு, காரணம் உண்டு. ஆபத்தின் அளவையும் பிள்ளையின் பருவத்தையும் எதிரில் நிற்பவர் யார் என்பதையும் எடைபோட்டே அது செயல்படுகிறது. இதில் பறவையால் மாற்ற முடியாதது பிள்ளையின் பருவம். நம்மால் மாற்ற முடிவது நம் நடத்தை. ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவர்கள் நாம்தான்.

நகரங்களில் மரங்கள் குறைகின்றன, தோட்டங்கள் சிமென்ட் தளமாகின்றன. மிச்சமிருக்கும் செம்பருத்தியிலும் முருங்கையிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் பறவைகள் நம்மை நம்பிக் கூடு கட்டுகின்றன. இந்தக் கோடையில் உங்கள் வீட்டுப் பறவை உங்களைக் கண்டு கத்தினால், கம்பைத் தேடாதீர்கள். நான்கு வாரம் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், பூனையை உள்ளே வையுங்கள், பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு கூடு பிழைக்க அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை.